சோலையைப் பற்றிச் சொல்ல வேண்டியவன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நான் பல்லைக் கடிக்கும்போது நீங்கள் திடுக்கிட வேண்டாம்.

கோபத்துக்குக் காரணம் பத்தாம் வகுப்பு உலக வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரி. இரண்டாம் உலகப் போர் பற்றிய பாடம். தலைவர்கள், ஒப்பந்தங்கள், அணிகள், தேதிகள் எல்லாம் பக்கம் பக்கமாக வந்து முடிந்த பிறகு, இலையெடுக்கிற நேரத்தில் ஊறுகாய் வைப்பதுபோல அந்த வரி வருகிறது: 'இப்போரில் இந்தியர்களும் பங்கு கொண்டனர்.' பங்கு கொண்டார்களாம். எதில், கறிவிருந்திலா?

வரியைக் காட்டியவர் நாச்சம்மாள் டீச்சர். எங்கள் கிழக்குப் பாலக்காட்டுக்காரர். அவருடைய அண்ணன் செங்கோட்டையன் என்னோடு படித்தவன், நிலக்கடலையும் பருத்தியுமாகப் பெரிய பண்ணயம். கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டிக்குப் போகிற பஸ்ஸில், டிரங்குப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். இடுக்கி மலையிலிருந்து இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். பஸ் ஆனைகட்டி போய்ச் சேரும்வரை அவர் பேசினார். இறங்கும்போது அவருடைய கோபத்தில் பாதி என்னிடம் வந்திருந்தது.

எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

'மலைச்சரிவில் மூடுபனி மெல்ல விலகியபோது—' வேண்டாம். மூடுபனியில் தொடங்குகிறவன் தேயிலையைப் பார்ப்பான், கிள்ளுகிறவளைப் பார்க்க மாட்டான்.

'1942. பர்மா விழுந்துவிட்டது. பிரிட்டிஷ் ராணுவம் பின்வாங்கிக்—' இதுவும் வேண்டாம். ராணுவம் முன்னால் போகும், என் ஆள் பின்னால் மண் சுமந்துகொண்டு போவான். புத்தகம் செய்ததும் இதைத்தானே.

'மூக்கம்மாள் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள்.' இது இருக்கட்டும். ஆனால் அவள் யார் என்று தெரியாமல் உங்களுக்கு இந்தக் குங்குமத்தில் ஒன்றும் தோன்றாது. கொஞ்சம் பொறுங்கள்.

(எஸ்டேட்டின் பெயரை எழுதப் போவதில்லை. பள்ளிவாசல் என்கிற ஊரைத் தாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தேட வேண்டாம், அது நான் கட்டிய எஸ்டேட். பள்ளிக்கூடமும் அப்படித்தான்.)

2

கேரளத்தில் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தனி யோகம் உண்டு. மலையாளப் புத்தகம் ஜூனில் வந்துவிடும். அதையே தமிழில் பெயர்த்த புத்தகம் ஓணம் கழிந்து வரும், சில வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரும். பரீட்சை மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். இதைப் பற்றி யாரும் தெருவில் இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

மற்ற வாத்தியார்கள் அந்த மாதங்களில் பழைய புத்தகத்தை வைத்து ஓட்டுவார்கள். நாச்சம்மாள் டீச்சர் வேறொன்று செய்தார். பாடம் வரும்வரை, பாடம் எழுதுகிறவன் எப்படி எழுதுகிறான் என்பதைச் சொல்லிக்கொடுத்தார். வரலாறு எழுதுகிறவன் எதைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பார்: "ஆரு சொல்றது? அவியளுக்கு எப்படித் தெரியும்? சொன்னா அவியளுக்கு என்ன கெடைக்கும்?" கொங்குத் தமிழில் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போட்டார். தென்னாட்டுத் தமிழ் பேசுகிற எஸ்டேட் பிள்ளைகளுக்கு அந்த 'அவியளுக்கு' கேட்டு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கின. கொழுந்து நிறுக்கிற இடத்தில், ஈரம் என்று சொல்லி எடையில் கழிக்கிறார்களே, ஈரம் என்று சொல்வது யார், அவருக்கு எப்படித் தெரியும்? கேட்ட பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு ஆபீசில் கண்டித்தார்கள். ஹெட்மாஸ்டர் பாஸ்கல் சார் டீச்சரைத் தனியாக அழைத்து, காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, அது போதும், அதற்குமேல் உலக வரலாற்றில் ஒன்றும் இல்லை என்று புத்தி சொன்னார்.

* ஒரு சந்தேகம். நாச்சம்மாள் டீச்சரை நான் எவ்வளவு நம்பலாம்? அவருடைய மூன்று கேள்வியை அவர்மேலேயே போட்டுப் பார்த்தேன். சொல்வது அவர். அங்கே இருந்தார், தெரியும். சொன்னால் என்ன கிடைக்கும்? கதாநாயகி பட்டம் கிடைக்கும். ஆகவே அவர் கண்கலங்கியதாகச் சொன்ன இடங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். தவறு செய்ததாகச் சொன்ன இடத்தை மட்டும் முழுதாக வைத்திருக்கிறேன்.

3

போர் பற்றிய பாடம் வந்தபோது அந்த 'பங்கு கொண்டனர்' வரியில் டீச்சர் நின்றுவிட்டார். யார் பங்கு கொண்டது, வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்.

அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கு தின்றது, மண்ணெண்ணெய் இல்லாமல் இருட்டில் கிடந்தது என்று பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். சின்னத்தாய் என்கிற பெண் கொண்டுவந்தது வேறு. அவளுடைய பெரியம்மா மூக்கம்மாளின் புருஷன் சோலையை அந்தப் போரில் கம்பெனி கூட்டிக்கொண்டு போயிற்று.

பட்டாளத்துக்கு இல்லை. ரோடு போட. அசாமுக்கு அப்பால் பர்மா எல்லைவரை ராணுவத்துக்கு ரோடு வேண்டியிருந்தது. மலையில் மண் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் தேயிலைத் தோட்டத்தில்தானே இருப்பான்? காலையில் ஆள் எண்ணுகிற இடத்தில் பேர் வாசித்து, லாரியில் ஏற்றி, மலையிறக்கி, ரயிலேற்றிக் கொண்டு போனார்கள். ஆறு மாதத்தில் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூக்கம்மாளுக்கு அப்போது தாலி கட்டிய மஞ்சள் காயவில்லை.

காய்ச்சலோடு பாதிப் பேர் வந்தார்கள். நாலு பேர் கண்முன்னாலேயே செத்தார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அந்த நாலு வீட்டிலும் கருமாதி நடந்தது. சோலையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. கூடப்போன பெரியமுத்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இன்னும் இருக்கிறார், அவர் சொன்னது இவ்வளவுதான்: மூங்கில் தட்டியடித்த கொட்டகையில் காய்ச்சல்காரர்களைப் போட்டிருந்தார்கள், அதில் சோலை படுத்திருந்தான், கண் திறந்திருந்தது, தண்ணீர் கேட்டான், என்னை அடுத்த முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் மூக்கம்மாள் குங்குமம் வைத்துக்கொண்டாள். (இப்போது தெரிகிறதா?) லயத்து ஆட்கள் அவளைச் சுமங்கலி என்று கூப்பிடவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. மாரியம்மன் கோயிலில் மஞ்சள் குங்குமம் கொடுத்துக்கொண்டே வருகிறவளின் கை, மூக்கம்மாள் முன்னால் வந்ததும் கொஞ்சம் நிற்கும். மூக்கம்மாள் நெற்றியைத் தானே நீட்டுவாள்.

4

ஃபாக்டரி வாசலில் ஒரு கல் உண்டு. அதே போரில் செத்துப்போன இரண்டு வெள்ளைக்காரச் சின்னத் துரைகளின் பெயர் அதில் இருக்கிறது. வருஷம் ஒருமுறை மாலை போடுவார்கள். மாலை கட்டுவது லயத்துப் பெண்கள்.

நாச்சம்மாள் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மானேஜரைப் பார்க்கப் போனார். அது எமர்ஜென்சிக் காலம். பஸ்ஸிலும் சுவரிலும் 'நாவடக்கு, பணியெடு' என்று மலையாளத்தில் எழுதிவைத்திருந்தார்கள், மானேஜர் அறையிலும் அது இருந்தது. அதன்கீழே நின்றுகொண்டு டீச்சர் நாவை அடக்காமல் கேட்டார். துரைமார் இரண்டு பேர் கல்லில் இருக்கிறார்கள். அவர்களோடு அதே போருக்குப் போன எங்கள் ஆட்கள் எங்கே?

மானேஜர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. மறுத்திருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும், நான் அவருக்கு ஒரு மீசை வைத்து முடித்திருப்பேன். அவர் நம் நாட்டுக்காரர், படித்தவர், மரியாதையாகப் பேசினார். ஃபாக்டரிக்குப் பொன்விழா வருகிறது, மந்திரி வருகிறார், பெயர்களைச் சேர்த்துவிடலாம், நல்ல யோசனை என்றார். செத்ததற்குச் சாட்சி உள்ள நாலு பேரையும் சேர்க்கலாம். சோலைக்குத்தான் சாட்சி இல்லை. சாட்சியில்லாமல் ஒருவரைச் செத்தார் என்று கல்லில் வெட்டுவது தவறல்லவா, டீச்சர் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர், அவருக்குத் தெரியாததா? அந்த அம்மாள் ஒரு வார்த்தை, என் புருஷன் செத்துப்போனார் என்று ஆபீசில் வந்து சொல்லட்டும், முறைப்படி கருமாதியைச் செய்யட்டும், அஞ்சாவது பெயர் தயார்.

 டீச்சர் பலகையில் எழுதிப்போட்ட 'எப்படித் தெரியும்' என்கிற கேள்வியே அவருக்கு எதிரில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

கிளார்க் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். விழாவுக்கு வருகிற குடும்பத்துப் பெண்களுக்குக் கம்பெனி சேலை எடுத்திருக்கிறதாம், இது மூக்கம்மாளுக்கு.

எங்கள் பக்கத்திலும் சரி, தென்னாட்டிலிருந்து மலையேறியவர்களிடமும் சரி, ஒரு வழக்கம் உண்டு. புருஷன் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்குக் கோடிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போடுவான். வேறு யாரும் போடக் கூடாது. டீச்சருக்கு இது தெரியும். அவர் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. உலகத்தையே கேள்வி கேட்கிறவர் ஒரு சணல் முடிச்சை அவிழ்க்கவில்லை.

5

(இந்தப் பகுதியை ஐந்தாறு முறை எழுதினேன். முதல் பிரதியில் மூக்கம்மாள் சேலையைச் சேற்றில் எறிகிறாள். இரண்டாவதில் டீச்சர் முகத்தில் எறிகிறாள். இரண்டும் பொய். சின்னத்தாய் கூட இருந்தவள், அவள் சொன்னபடி எழுதுகிறேன்.)

டீச்சர் வாசலில் நின்று முதலில் சாட்சியங்களைச் சொன்னார். அந்தக் கொட்டகையில் படுத்தவர்கள் யாரும் திரும்பவில்லை, செய்தி இல்லை, இத்தனை வருஷம் ஆயிற்று. நேரடிச் சாட்சி இல்லாவிட்டாலும் இவ்வளவையும் சேர்த்து வைத்து ஒரு முடிவுக்கு வருவது முறைதான், வரலாறு எழுதுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். மூக்கம்மாள் கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே வெள்ளைச் சேலை. திரும்ப மடித்தாள். சணலையும் பழையபடியே கட்டினாள்.

"இது யாரு எடுத்தது டீச்சர்?"

கம்பெனி என்றார் டீச்சர். குரல் ஏற்கனவே இறங்கியிருந்தது.

"கம்பெனி எனக்கு அண்ணனா, தம்பியா? கோடி போட வந்துட்டான்."

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வந்த காரியத்தை விடவில்லை. விடாதது எனக்குப் பிடித்திருக்கிறது. "அக்கா, சேலையைத் தூக்கிப் போடுங்க. ஆனா கல்லுல பேரு வந்துட்டா நாளைக்கு ஆரும் இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. உங்களுக்கப்பறம் அவுரு ஒருத்தரு இருந்தாருங்கறதுக்கு வேற என்னங்க இருக்குது?"

 மூக்கம்மாள் பேசியதை அப்படியே தருகிறேன். இதில் நான் கைவைத்தால் என் கை அழுகிப் போகட்டும்.

"அவுக வருவாகன்னு நான் உக்காந்திருக்கேன்னா நெனச்சிய? எனக்குப் புத்தி பெரளலை டீச்சர். கூட்டிட்டுப் போனது கம்பெனி. ஆறு மாசத்துல கொண்டாந்து விடுதோம்னு எங்கிட்டச் சொன்னது கம்பெனி. விட முடியலைன்னா, உம் புருசனைக் கூட்டிட்டுப் போனோம், சாகக் குடுத்துட்டோம்னு எவனாவது ஒருத்தன் எம் வாசல்ல வந்து நின்னு சொல்லணுமா வேண்டாமா? சொல்லட்டும். அன்னைக்கே அறுத்துப் போட்டுட்டு அழுதுக்கிடுதேன். எனக்கும் அழணும் டீச்சர். இத்தனை வருசமா அழாம வச்சிருக்கேன். சொல்ல வேண்டியவன் வாயத் தொறக்க மாட்டானாம். நான் போயி, எம் புருசன் செத்துட்டாகன்னு அவங்கிட்டச் சொல்லணுமாம். அவன் கேட்டுக்கிட்டு கல்லுல எழுதுவானாம். நல்லாருக்கே ஞாயம்."

6

டீச்சர் பொட்டலத்தோடு ஆபீசுக்குத் திரும்பிப் போனார். அந்த அம்மாள் கேட்பது நியாயம், வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

மானேஜர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்கிறார் டீச்சர். அந்த வருஷம் தான் பள்ளிக்கூடத்துப் பையன் என்றார். அப்போதிருந்த முதலாளிகள் கப்பலேறிப் போய்விட்டார்கள், கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இல்லை. செய்யாத ஒன்றுக்குத் தான் எப்படிப் பொறுப்புச் சொல்வது? அப்படி வாசலில் போய் நின்றால் கம்பெனி ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

இதைக் கேளுங்கள் வாசகரே. பொன்விழா என்றால் அதே கம்பெனி. ஐம்பது வருஷப் பெருமை என்றால் அதே கம்பெனி, அதே பெயர்ப் பலகை, அதே தேயிலை. ஆளைத் திருப்பிக் கொடு என்றால் மட்டும் அது வேறு கம்பெனி. பெருமைக்கு வாரிசு உண்டு, பழிக்கு வாரிசு இல்லையாம். உலக வரலாறு முழுக்க நான் படித்துப் பார்த்தேன், தேசங்களும் இதைத்தான் செய்கின்றன. பாஸ்கல் சார் சொன்ன விளைவுகள் ஐந்தில் இது எத்தனையாவது என்று தெரியவில்லை.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. ஆகட்டும்.)

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் மானேஜர் வருகிறார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மழைக்கோட்டோடு வாசலில் நிற்கிறார். வாய் திறந்து— எழுதும்போது எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அதனால்தான் கிழித்தேன். அவர்கள் செய்யாததைச் செய்ததாக எழுதி அவர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுக்க நான் என்ன அவர்கள் ஆபீஸ் கிளார்க்கா?

இரண்டாவதில் மறையூர் பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் தடியூன்றி இறங்குகிறார். லயத்தைப் பார்த்து நடக்கிறார். மூக்கம்மாள் நிமிர்ந்து— போதும். இதற்குச் சினிமாக் கொட்டகை அடுத்த தெருவில் இருக்கிறது.

மூன்றாவதில் மூக்கம்மாள் சம்மதிக்கிறாள். இதைப் படித்த பத்திரிகை நண்பர் நல்லதம்பி, இதுதான் யதார்த்தம் என்றார். ஏழை பணிந்துபோனால் யதார்த்தம், நிமிர்ந்தால் மிகை என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நடந்தது இவ்வளவுதான். பொன்விழா நடந்தது. துரைமார் பெயருக்குக் கீழே நாலு பெயர் சேர்ந்தது. அவர்களுடைய பெண்சாதிகளில் உயிரோடிருந்தவர்களை வெள்ளைச் சேலை கட்டச்சொல்லி முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூக்கம்மாள் அரக்குச் சேலையும் குங்குமமுமாக வந்து அந்த வரிசையின் ஓரத்தில் நின்றாள். இது இறந்தவர்களின் குடும்பத்துக்கான இடம், பின்னால் போங்கள் என்றார் ஒருவர். அவள் நகரவில்லை. நாச்சம்மாள் டீச்சர் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். சின்னத்தாயும் வகுப்புப் பெண்களும் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மந்திரி தேயிலை ஏற்றுமதியைப் பற்றிப் பேசினார்.

பள்ளிக்கூடம் மூடித் திறப்பதற்குள் டீச்சருக்கு மாற்றல் வந்தது. இதனால்தான் அது வந்தது என்று எழுத என்னிடம் சாட்சி இல்லை. எழுதவில்லை. அடுத்தடுத்து நடந்தன என்று மட்டும் எழுதுகிறேன்.

8

கேட்டதை மட்டும் வைத்து எழுதினால் நாச்சம்மாள் டீச்சர் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார். ஆகவே நானே போனேன். கல்லைப் பார்த்தேன். நாலு பெயருக்குக் கீழே இடம் இருந்தது, ஒரு பெயர் தாராளமாகக் கொள்ளும். சின்னத்தாய் என்னை லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மூக்கம்மாள் வெளியே வந்தாள். என் செருப்பையும் பையையும் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்று கேட்டாள்.

"கம்பெனியில இருந்தா வாறிய?"

புதிதாக யார் வந்தாலும் பெரியம்மா இதைத்தான் முதலில் கேட்பாள் என்று சின்னத்தாய் பிறகு சொன்னாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசித்துப் பாருங்கள், நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவன், பொய்யை மெய்போலச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். ஆமாம் அம்மா, கம்பெனியிலிருந்துதான் வருகிறேன், உங்கள் புருஷனை நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போனோம். அவள் கேட்டிருப்பாள். அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். கதையும் முடிந்திருக்கும், ஊரெல்லாம் மெச்சியிருக்கும்.

ஆனால் அந்த வார்த்தை வேறொருவன் கொடுக்க வேண்டியது. நான் கொடுத்தால் அவன் கொடுக்க வேண்டாம் என்றாகிவிடும், காலத்துக்கும் அவன் நிம்மதியாகத் தேயிலை விற்பான்.

"இல்லீங்கம்மா. கதை எழுதறவனுங்க" என்றேன்.

அவள் தோள் இறங்கியது. "அப்ப உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் பாலில்லாத கட்டஞ்சாயா போட உள்ளே போனாள்.

9

முடிவைக் கேட்காதீர்கள். என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். திரும்ப மேலே போய் முதல் வரியிலிருந்து பாருங்கள். டீச்சர் சாட்சியம் அடுக்குகிறார். மானேஜர் சொல்லச் சொல்கிறார். மூக்கம்மாள்கூட, எவனாவது வந்து சொல்லட்டும் என்கிறாள். சோலை செத்துப்போனான் என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் நீங்கள் படித்துக்கொண்டு வரும்போதே, யாரும் வந்து சொல்லாமலே, எங்கோ ஓரிடத்தில் அவனைச் சாகவிட்டுவிட்டீர்கள். அது எந்த வரி என்று தேடிப் பாருங்கள். இந்தக் கதையின் முடிவு அங்கேதான் இருக்கிறது. அதை எழுதியது நான் இல்லை.